நெற்றிப்பொட்டில் புடைப்பது நரம்பா, ரத்தக் குழாயா?

கோரையாறு | 2025 மே 18, இரவு 8:50

ஒரு சந்தேகம். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வந்தால் வலது நெற்றிப்பொட்டில் நரம்பு புடைத்துக்கொண்டு விண் விண்ணென்று தெறிக்கும். மருந்துக் கடையில் கேட்டால், "மூளையில ரத்தக் குழாய் விரியுது, மாத்திரை போட்டா சுருங்கிடும்" என்கிறார்கள். நர்சிங் படிக்கும் என் தங்கை, "அது நரம்புக் கோளாறு, ரத்தக் குழாயெல்லாம் சும்மா" என்று சண்டைக்கு வருகிறாள். யார் சொல்வது சரி? பந்தயம் ஒரு பிரியாணி.

மூணாறு தலைப்பு | மே 18, இரவு 10:35

கடைக்காரர் சொன்னதுதான் சரி. தங்கையிடம் பிரியாணியை வாங்கிவிடுங்கள்.

நானும் மருந்துக் கடைக்காரன்தான். நீடாமங்கலம் பக்கம், 22 வருஷமாகக் கடை. ஒற்றைத் தலைவலி அதற்கும் முந்தியது, காலேஜ் நாளிலிருந்து. கல்லாவுக்கு இந்தப் பக்கமும் தெரியும், அந்தப் பக்கமும் தெரியும்.

முதலில் வார்த்தை. நம் பக்கத்தில் எல்லாமே நரம்புதான். குளுக்கோஸ் ஏற்ற நர்ஸம்மா கையைத் தட்டித் தட்டித் தேடுவது நரம்பு; உண்மையில் அது சிரை. வெற்றிலையின் முதுகில் கிள்ளி எறிவதும் நரம்பு. மூளைக்குச் சேதி கொண்டு போவதும் நரம்பு. உங்கள் நெற்றிப்பொட்டில் புடைப்பது தமனி, ரத்தக் குழாய். விரல் வைத்தால் துடிப்பது தெரியும். சேதி சொல்கிற நரம்பு அப்படித் துடிக்காது.

இனி வலி. மூளையின் ரத்தக் குழாய் விரிகிறது, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் சுவர் இழுபடுகிறது, வலிக்கிறது. 1938இல் கிரஹாம், வுல்ஃப் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், எர்கோட்டமின் என்ற மருந்தைக் கொடுத்தால் நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பு அடங்க அடங்க வலியும் அடங்குவதை வரைபடமாகவே காட்டிவிட்டார்கள். பின்னால் வந்த சுமாட்ரிப்டான் மாத்திரைக்கும் அதே வேலை. குழாய்ச் சுவரின் தசையில் செரட்டோனினுக்கான ஏற்பி ஒன்று இருக்கிறது, பெயர் 5-எச்.டி.1பி. மாத்திரை அதில் போய் உட்கார்ந்தால் தசை இறுகும், குழாய் சுருங்கும், தலைவலி போகும். செரட்டோனின் என்ற பெயரே 1948இல் அப்படித்தான் வந்தது: சீரத்தில் இருந்துகொண்டு குழாயை முறுக்கேற்றும் பொருள்.

அவ்வளவுதான் விஷயம்.

மே 19, காலை 6:20

அவ்வளவுதான் இல்லை. பல் தேய்க்கும்போது உறைத்தது. நெற்றிப்பொட்டுத் தமனி மண்டையோட்டுக்கு வெளியே, தோலுக்கடியில் ஓடுவது. நான் அதைப் பேசிக்கொண்டே இருந்து, நடுவில் மூளையின் ரத்தக் குழாய்க்குத் தாவிவிட்டேன். இரண்டும் வேறு வேறு. கடை திறக்க வேண்டும், ராத்திரி எழுதுகிறேன்.

மே 19, இரவு 11:10

மூளைக்கு வலி தெரியாது. அதன் சதையை வெட்டினாலும் வலிக்காது; அதனால்தான் நோயாளியை விழிக்க வைத்துப் பேசிக்கொண்டே சில மூளை ஆபரேஷன்களைச் செய்ய முடிகிறது. வலி தெரிவது மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கும், அந்த உறையில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கும், மூளையின் அடியில் இருக்கும் பெரிய தமனிகளுக்கும். அங்கே வலியை உணர்வது குழாய் இல்லை. குழாயின் வெளிச்சுவரில் கொடி படர்ந்த மாதிரி படர்ந்திருக்கும் நரம்பு நுனிகள்.

ஆக, குழாய்மேலேயே நரம்பு இருக்கிறது. நம் ஊர்க் கிழவிகள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததை இனிமேல் கேலி செய்யமாட்டேன்.

எங்கள் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர். மூணாறு தலைப்பில் வெகுகாலம் வேலை. வெளியூர்க்காரர்களுக்கு: வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். (கேள்வி கேட்ட தம்பி கோரையாறு, நான் தலைப்பு. தற்செயல்தான்.) தலையிலும் ஒரு மூணாறு தலைப்பு உண்டு. ஐந்தாவது மண்டை நரம்பு, முக்கிளை நரம்பு என்பார்கள். ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும். மூளையின் உறையிலும் அதன் பெரிய தமனிகளிலும் படர்வது பெரும்பாலும் முதல் கிளையின் இழைகள். உள்ளே எங்கோ நடக்கும் கலாட்டா கண்ணுக்குப் பின்னாலும் நெற்றியிலும் வலியாகத் தெரிவது அதனால்தான்.

குழாயைச் சுற்றி இன்னும் இரண்டு வகை நரம்புகள் உண்டு. கழுத்திலிருக்கும் பரிவு நரம்பு முடிச்சிலிருந்து வருவது நார்அட்ரினலினை விடும், குழாய் இறுகும். மூக்குக்குப் பின்னாலிருக்கும் முடிச்சிலிருந்து வருவது அசிட்டைல்கோலின், வி.ஐ.பி. என்ற பெப்டைடு, நைட்ரிக் ஆக்சைடு மூன்றையும் விடும், குழாய் தளரும். வி.ஐ.பி. என்றதும் வண்டியில் கொடி கட்டி வருகிற ஆள் என்று நினைக்க வேண்டாம், அது ரசாயனம்.

சரி, ஏற்பி என்றால் என்ன? அப்பாவின் அறையில் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. ஆபீசிலிருந்து அழைப்பு வரும், "இத்தனை அடி தூக்கு" என்று. அப்பா போய் சக்கரத்தைச் சுற்றுவார். நரம்பு என்பது அந்தக் கம்பி. நார்அட்ரினலின் என்பது கம்பி வழியே வந்த குரல். ஏற்பி அப்பாவின் காது. சக்கரத்தைச் சுற்றும் கை, குழாய்ச் சுவரிலிருக்கும் மென்தசை. காது இல்லாத இடத்தில் குரல் எத்தனை கத்தினாலும் ஷட்டர் அசையாது. இன்னொன்று, ஒரே குரலை இரண்டு காது இரண்டு விதமாகக் கேட்கும். நார்அட்ரினலின் ஆல்ஃபா ஏற்பியில் பட்டால் தசை இறுகும், பீட்டா ஏற்பியில் பட்டால் தளரும். எந்தக் குழாயில் எந்தக் காது அதிகம் என்பதுதான் கணக்கு.

முக்கிளை நரம்பின் கதைதான் வேடிக்கை. அது சேதி கொண்டு போகிற நரம்பு. உத்தரவு போடுவது அதன் வேலை இல்லை. ஆனால் சீண்டப்பட்டால் மேலே வலிச் சேதி அனுப்புகிற கையோடு, தன் நுனியிலிருந்து சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடையும் குழாய்மேல் கொட்டும். 37 அமினோ அமிலம் கோத்த சின்னச் சரம். குழாயை விரிப்பதில் அதை மிஞ்சுவது அபூர்வம். வெள்ளம் வருகிறது என்று சொல்லப் போனவன், போகிற வழியில் ஷட்டரையும் தூக்கிவிட்டுப் போன மாதிரி. அதன் ஏற்பி இரண்டு புரதம் சேர்ந்தது; ஒன்று இல்லாமல் மற்றதுக்குக் காது கேட்காது.

1990இல் கோட்ஸ்பி, எட்வின்சன் குழு ஒற்றைத் தலைவலி நேரத்தில் நோயாளிகளின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தது. சி.ஜி.ஆர்.பி. ஏறியிருந்தது. அந்த இருவரோடு மாஸ்கோவிட்ஸ், ஓலெசன் இருவரையும் சேர்த்து 2021இல் மூளை ஆராய்ச்சிக்கான பெரிய பரிசு ஒன்றைக் கொடுத்தார்கள்.

தங்கை பக்கம் கொஞ்சம் சாய்கிறேன் போலிருக்கிறது.

மே 21, பகல் 1:15

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறேன். போன வண்டி போயாச்சு, வர வேண்டியது வரவில்லை. முன்னால் லாரி, பின்னால் ஆரன். "ஒற்றைத் தலைவலியைத் தூண்டுபவை" பட்டியலில் வெயில், சத்தம், பசி, புகை என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். இந்த ஒரு கேட்டைப் போட்டாலே போதும்.

மே 25, ஞாயிறு, இரவு 9:40

மத்தியானம் எனக்கே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவது வழக்கம். உள் அறையில் கதவைச் சாத்தி, ஈரத்துணியைக் கண்மேல் போட்டுப் படுத்திருந்தேன். வலது பக்கம் தெறிக்கிறது. அப்போது ஒரு கிறுக்கு யோசனை: இது நாடியோடு சேர்ந்து தெறிக்கிறதா?

இடது மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு, பையனை வாசலில் நிற்கச் சொல்லி கடிகாரத்தில் ஒரு நிமிஷம் பார்க்கச் சொன்னேன். நாடி 78. மறுபடியும் ஒரு நிமிஷம், இப்போது தெறிப்பை மட்டும் எண்ணினேன். 54. இன்னொரு தடவை எண்ணினேன், 56. பையன், "அப்பா, தலைவலின்னு பொய்தானே சொல்றீங்க" என்று கேட்டுவிட்டுப் போனான்.

குழாய் விரிந்து ஒவ்வொரு துடிப்புக்கும் இழுபடுவதால்தான் வலி என்றால் இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இல்லை. 22 வருஷமாக நான் கல்லாவில் நின்று சொன்னது என் தலைக்கே பொருந்தவில்லை. சாயங்காலம் வலி விட்டதும் தேடினேன். இதையே முறையாக அளந்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதிலும் தெறிப்பு வேறு வேகம், நாடி வேறு வேகம்.

அதோடு நிற்கவில்லை. 2013இல் டென்மார்க்கில், வலி இருக்கும்போதே ஆட்களை எம்.ஆர். ஸ்கேனில் படுக்க வைத்துத் தமனிகளை அளந்தார்கள். மண்டைக்கு வெளியே இருக்கும் தமனிகள் விரியவே இல்லை. உள்ளே இருப்பவை லேசாக விரிந்திருந்தன, அவ்வளவுதான். அதற்குப் பத்து வருஷம் முன்னால், சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்தார்கள். (வயாகரா, அதே மாத்திரைதான். கடையில் காதோடு காதாகக் கேட்பார்களே, அதுதான்.) ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு வலி வந்தது, மூளையின் நடுத் தமனி விரியவில்லை. மாறாக, மேலே சொன்ன வி.ஐ.பி. பெப்டைடைச் சிறிது நேரம் செலுத்தியபோது குழாய் விரிந்தது, ஒற்றைத் தலைவலி பெரிதாக வரவில்லை. விரியாமல் வலிக்கிறது, விரிந்தும் வலிக்கவில்லை.

மே 18 இரவு எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். உங்கள் ஊர்க் கடைக்காரரை ஒன்றும் சொல்லாதீர்கள், நாங்கள் எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள்.

மே 26, காலை 7:05

"அப்படியானால் மாத்திரை எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுமாட்ரிப்டானுக்கு இரண்டு முக்கியமான காது உண்டு. 5-எச்.டி.1பி குழாய்த் தசையில். குழாய் சுருங்குகிறது, அது பொய்யில்லை. 5-எச்.டி.1டி நரம்பு நுனியிலேயே இருக்கிறது. அதைத் தொட்டால் நரம்பு சி.ஜி.ஆர்.பி.யைக் கொட்டுவதை நிறுத்தும். இத்தனை நாள் நாம் முதல் வேலையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

சாட்சி வேண்டுமா? 2019இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய லாஸ்மிடிட்டான் 5-எச்.டி.1எஃப் என்ற காதை மட்டும் தேடிப் போகும். குழாயைச் சுருக்காது. வலி குறைகிறது. சி.ஜி.ஆர்.பி.யின் ஏற்பியை அடைக்கும் ஜெப்பன்ட் மாத்திரைகளும் குழாயை இறுக்குவதில்லை. 2018இல் வந்த எரெனுமாப், மாதம் ஒரு ஊசி, அந்த ஏற்பியையே மூடும் எதிர்ப்புப் புரதம். ரத்தத்திலிருப்பதை மூளைக்குள் எளிதில் விடாத மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு. ஆனாலும் பலருக்குக் கேட்கிறது. அப்படியென்றால் சண்டை நடக்கிற இடத்தில் பெரும்பகுதி தடுப்புக்கு வெளியே, உறையிலும் நரம்பு முடிச்சிலும்.

பிரியாணி பாதிப் பாதி.

மே 29, இரவு 10:50

சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் மாத்திரைகளைப் பற்றி எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டேன். 5-எச்.டி.1பி மூளைக் குழாயில் மட்டும் இல்லை, இதயத் தமனியிலும் இருக்கிறது. மூளையில் அதிகம், இதயத்தில் குறைவு. ஆனால் இதயத்தில் ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்குக் குறைவே போதும்.

போன வருஷம் ஒரு பெரியவர் வந்தார். வலங்கைமான் பக்கத்து விவசாயி, எங்கள் அப்பாவைத் தெரிந்தவர். மகனுடைய பழைய சீட்டைக் காட்டி, "எனக்கும் இதே தலைவலிதான் தம்பி, ரெண்டு குடு" என்றார். ட்ரிப்டான். சட்டைப் பையில் வேறொரு சீட்டு எட்டிப் பார்த்தது. வாங்கிப் பார்த்தால் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். "இது உங்களுக்கு ஆகாதுங்க" என்றேன். "ஒங்கப்பா இருந்தா குடுத்திருப்பாரு" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அப்பா ஷட்டர் தூக்கினவர், மாத்திரை விற்றவர் இல்லை. அதைச் சொல்ல முடியுமா? கல்லாவில் நிற்பவன் எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

இப்போது எதிர்க்கடைக்குப் போகிறார். அங்கே என்ன வாங்குகிறாரோ என்று எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு, காலை 11:20

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

கடை வைத்த மூன்றாம் வருஷம். எர்கோட்டமின், காஃபின், பாரசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரை ஒன்று அப்போது அமோகமாகப் போகும். கடைக்காரனுக்குச் சீட்டு எதற்கு? கை எட்டும் தூரத்தில் ஸ்ட்ரிப். வாரம் ஒன்று என்று ஆரம்பித்தது, மாதத்தில் பதினைந்து நாள் என்று ஆனது. மாத்திரை போடாத நாளில்தான் வலி அதிகம் வந்தது, அதற்காக மறுபடி மாத்திரை. இதற்கே ஒரு பெயர் இருக்கிறது, மருந்து மிகுதித் தலைவலி. இந்த வகைக் கூட்டு மாத்திரையை மாதம் பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த வலையில் விழலாம் என்பது கணக்கு. நான் மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டே விழுந்தேன்.

மார்கழி. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் காசு எண்ணுகிறேன், விரல் நுனி இரண்டு மரத்துக் கிடக்கிறது. பத்து ரூபாய் நோட்டையும் இருபதையும் தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியவில்லை. நகத்தடி வெளுத்து, கத்தரிப்பூ நிறம் ஓடியிருந்தது. பனி என்று நினைத்தேன். கையுறை வாங்கினேன். நீடாமங்கலத்தில் கையுறை போட்டுக்கொண்டு மருந்து விற்ற முதல் ஆள் நான்தான். வாங்க வந்த டாக்டர் ஒருவர் கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன மாத்திரை சாப்பிடுற?" என்றார். அன்றோடு நிறுத்தினேன். விரல் தேற ஒரு வாரம் ஆனது, தலை தேற ஒரு மாதம்.

சுவாமிமலை பஸ் ஸ்டாண்டில் நின்று "சாமிநாதா!" என்று கத்திப் பாருங்கள், நான்கைந்து பேராவது திரும்புவார்கள். எர்கோட்டமின் அப்படிப்பட்ட குரல். செரட்டோனின் ஏற்பி திரும்பும், ஆல்ஃபா ஏற்பி திரும்பும், டோபமின் ஏற்பியும் திரும்பும். தலையில் இறுகுவதோடு விரலிலும் இறுகும், குமட்டலும் வரும். சுமாட்ரிப்டான் இனிஷியலும் தெருப்பேரும் சேர்த்துக் கூப்பிடுகிறது. அப்படிக் கூப்பிட்டும், அதே பெயரில் இதயத்தில் இன்னொருவர் இருக்கிறார். இரண்டு மருந்தையும் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துப் போடக் கூடாது என்பது அதனால்தான். இறுக்கத்தின் மேல் இறுக்கம்.

ஜூன் 3, இரவு 8:30

எர்கோட்டமின் எதிலிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கம்புக்குச் சொந்தமான ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் கதிரில் வரும் எர்கட் என்ற பூஞ்சையிலிருந்து. 1918இல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோல் பிரித்தெடுத்தார். நடுக்காலத்து ஐரோப்பாவில் அந்தப் பூஞ்சை கலந்த ரொட்டியைத் தின்று விரலும் காலும் கறுத்து அழுகி விழுந்திருக்கின்றன. என் இரண்டு விரலுக்கு வந்தது அதன் சின்னத் தம்பி.

நம் வயலில் நெற்பழம் விழுமே, மஞ்சளாக உருண்டை கட்டி, தொட்டால் கையெல்லாம் பொடி. லட்சுமி நோய் என்று சொல்வார்கள், நன்றாக விளைகிற வருஷத்தில் வருவதால். அந்தப் பூஞ்சையும் எர்கட் பூஞ்சையும் ஒரே குடும்பம். நெற்பழம் வேறு விஷத்தைத்தான் உண்டாக்கும், இதையல்ல. யாரும் அரைத்துக் குடித்துவிட வேண்டாம்.

ஜூன் 3, இரவு 8:55

ரை கம்புக்குச் சொந்தம் என்று எழுதியது தப்பு. அது கோதுமைக்குச் சொந்தம். கம்பில் வரும் எர்கட் வேறு இனம்.

ஜூன் 5, இரவு 11:00

அந்தக் கூட்டு மாத்திரையில் காஃபின் ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்தது காபி ஆற்றிக்கொண்டே. அப்போதுதான் பொறி தட்டியது.

மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் சேரும். குழாய்ச் சுவரில் அதற்கு ஏ2ஏ என்ற காது, பட்டால் குழாய் விரியும். காஃபின் என்ன செய்கிறது? அந்தக் காதில் பஞ்சு வைக்கிறது. குரல் கேட்காது, குழாய் சற்றுச் சுருங்கியே இருக்கும். மூளைக்குள் போகும் ரத்தமே அளந்து பார்க்கிற அளவுக்குக் குறைகிறது. தினமும் குடிப்பவனின் உடம்பு சும்மா இருக்குமா, பஞ்சுக்கு ஈடாகப் பழகிக்கொள்ளும். பிறகு ஒருநாள் பஞ்சை எடுத்தால் சாதாரணக் குரலே கூச்சலாகக் கேட்கும். கடைசிக் காபியிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்தில் வலி தொடங்கும்.

என் கணக்கு: கடை நாளில் காலை 5:30க்கு முதல் டிகிரி காபி, பித்தளை டபராவில். சாயங்காலம் நான்கு மணிக்குக் கடைசி. ஞாயிறு எட்டரைக்கு எழுந்து, பேப்பர் பார்த்து, ஒன்பதரைக்குக் காபி. நான்கிலிருந்து ஒன்பதரை வரை பதினேழரை மணி நேரம்.

முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைத் தலைவலிக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஞாயிறு தொடங்கி ஐந்தரைக்கே காபி. பார்ப்போம்.

ஜூன் 12, இரவு 9:15

மேட்டூர் திறந்தாச்சு. ஊரெல்லாம் அதே பேச்சு, எனக்கும் வேறெதிலும் மனசு போகவில்லை. அதனால் தலைவலியை விட்டுவிட்டு ரத்தத்தின் நீர்ப்பாசனம்.

மூளை உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு, ஆக்சிஜனில் இருபது பங்கைத் தின்கிறது. சேமிப்பு கிடையாது, வேலை நடக்கிற வயலுக்கு உடனுக்குடன் பாய வேண்டும். குழாய் நூற்றுக்குப் பத்து அகலமானால் போதும், அழுத்தம் மாறாவிட்டால் ஓட்டம் ஏறக்குறைய நூற்றுக்கு 46 கூடும். ஆரத்தின் நான்காம் மடங்கில் ஏறுவது அது. சின்னத் திறப்பு, பெரிய பாய்ச்சல். மூளையே தன் தேவைக்கேற்ப ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது என்று 1890லேயே ராய், ஷெரிங்டன் இருவரும் எழுதினார்கள். யார் போய் யாரிடம் கேட்கிறார்கள் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்துவருகிறது.

நரம்பணு வேலை செய்தால் பொட்டாசியம் வெளியே கசியும். கடைசிக் கிளையான தந்துகியின் சுவரில் அதை உணரும் வாயில்கள் இருக்கின்றன. உணர்ந்ததும் ஒரு மின்சேதி, சுவர் செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு, ஓட்டத்துக்கு எதிராக மேலே ஏறிச் சிறுதமனி வரை போகும். அங்கே தசை தளரும், ரத்தம் இறங்கும். 2017இல் வந்த ஆராய்ச்சி. படித்தபோது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். கடைமடை கேட்கிறது, தலைமடை திறக்கிறது! அதுவும் ஒன்றிரண்டு நொடியில். நம் கடைமடைக்காரர்கள் மனு எழுதி, மறியல் செய்து, கலெக்டரைப் பார்த்து, அப்புறம் பயிர் காய்ந்த பிறகு தண்ணீர் வரும். அப்பா இருந்தால், "அங்கே லஸ்கருக்கு மேலே ஆபீசர் இல்லை போலிருக்கு" என்றிருப்பார்.

ஜூன் 13, காலை 6:40

கடைமடை உவமையைச் சிலர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் சரியாகவே மடக்கினார்: "வாய்க்காலின் கரைக்குக் காது கிடையாதே." இல்லைதான். குழாயின் உள்படலத்துக்கு உண்டு. அது தெரியவந்ததே ஒரு கைப்பிசகால். ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில துண்டுகள் தளர்ந்தன, சில சுருங்கின. சுருங்கியவை தயாரிக்கும்போது உள்படலம் உரசித் தேய்ந்துபோனவை. காது இருந்தது தசையில் இல்லை, உள்படலத்தில். அங்கே கேட்டு, அது தசைக்கு ஒரு சேதி விடுகிறது. 1980இல் எழுதினார். அந்தச் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரிந்து, 1998இல் நோபல். நாக்கடியில் மாத்திரை வைத்துக்கொள்ளும் நெஞ்சுவலிக்காரர்கள் "தலை இடிக்குது தம்பி" என்று வந்து நிற்பதும் இதே நைட்ரிக் ஆக்சைடால்தான்.

ஜூன் 25, இரவு 9:00

இன்று அமாவாசை. தர்ப்பணம் முடிகிற வரை அம்மா பச்சைத் தண்ணீர் மட்டும். பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போலத் தலைவலி, நெற்றியில் சுக்குப் பத்து. "பித்ருக்கள் வந்துட்டுப் போறாங்கடா, பாரம்" என்றார். நான் காஃபின் கணக்கைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி கண்ணால் அதட்டினாள். பட்டினிக்கே தலைவலி வரும், காபிமேல் மட்டும் பழி போட முடியாது என்பதும் உண்மை. பத்து எரிவது சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 ஏற்பியால், தைலம் குளிர்வது டி.ஆர்.பி.எம்.8 ஏற்பியால், இரண்டும் தோலில் அதே முக்கிளை நரம்பின் நுனிகளில் இருக்கின்றன. அம்மாவுக்கு இரண்டு மணிக்குக் காபி கொடுத்தோம். மூன்றுக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு, இரவு 8:20

ஐந்து ஞாயிறு ஆச்சு. ஐந்தரைக் காபி, பிறகு மறுபடி தூங்கப் போய்விடுவேன். நான்கு ஞாயிறு தலைவலி இல்லை. ஐந்தாவது இன்று. மன்னார்குடியில் ஒரு கல்யாணம், திரும்பும்போது கேட்டில் நாற்பது நிமிஷம்.

கோரையாறு தம்பி, பிரியாணி என்ன ஆச்சு?

கோரையாறு | ஜூலை 6, இரவு 9:02

தங்கை முழுசாகச் சாப்பிட்டுவிட்டாள் அண்ணே. நான் நெற்றியைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நாடி 82, தெறிப்பு 60.